பாடாத பாட்டுக்காரர் குச்சித் தொரை

எங்கள் திருப்பூரில் ஒரு தடவைகூட வாயைத் திறந்து பாடாமல் பெரிய பாட்டுக்காரர் என்று பெயர் வாங்கிய ஒரே மனிதர் குச்சித் தொரைதான். பாடிப் பாடித் தொண்டை கட்டி, மிளகுக் கஷாயம் குடித்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அதனால் இதைச் சொல்லும்போது கொஞ்சம் வயிற்றெரிச்சல் கலந்திருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த எரிச்சலைக் கழித்துவிட்டு அவரைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது.

நான் எட்டாவது வரை படித்தவன். அறுபதுகளில் ரயில் பாதைக்கு வடக்கே ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மாஸ்டராக இருந்தேன். வட்டமாகச் சுற்றும் பின்னல் மிஷின்கள், அவற்றை ஓட்ட முப்பது ஆட்கள். அந்த முப்பது பேரும்தான் எங்கள் தெரு முருகன் கோயில் பஜனைக் கோஷ்டியும். பகலில் மாஸ்டர், விடியற்காலையில் கோஷ்டித் தலைவர், இரண்டும் நானே. மார்கழி முழுக்க நான் ஓர் அடி பாட, அவர்கள் அதைத் திருப்பிப் பாட, தெருவைச் சுற்றி வருவோம். தைப்பூசத்தன்று தேர் கிளம்பும் முன் பாடுகிற முதல் பாட்டும் எங்களுடையதுதான். பாடி முடித்ததும் பூசாரி ஐயா கோஷ்டித் தலைவரின் தலையில் பட்டுத் துணியால் பரிவட்டம் கட்டுவார். பதினோரு வருஷம் அது என் தலையில்தான் ஏறியது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் என் மச்சினன்மார் என்னைக் கண்டு எழுந்து நிற்பார்கள்.

இந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட, கடல் தாண்டி ஸ்காட்லாந்திலிருந்து ஒரு மனிதர் வர வேண்டுமா?

வந்தார். தனியாக வரவில்லை. அவருடைய தங்கை வீட்டுக்காரர், எங்கள் கம்பெனியின் பழைய மிஷின்களைப் பழுது பார்த்துக் கொடுக்க வந்த என்ஜினியர். அவரோடு பெட்டி படுக்கை மாதிரி இவரும் வந்து இறங்கினார். ஆறு மாதத்தில் மிஷின்கள் ஓடின, என்ஜினியர் ஊருக்குப் போனார். இவர் மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று முதலாளி கேட்டதற்கு, "இங்க சத்தம் நல்லா இருக்குதாமுங்க" என்று காதர் பாய் மொழிபெயர்த்தார். பாய் நூல் புரோக்கர். பம்பாய்க்கும் கொழும்புக்கும் போய்வந்து இங்கிலீஷ் பழகியவர். தொரை பேசினால் எங்களுக்குச் சொல்வதும், நாங்கள் பேசினால் தொரைக்குச் சொல்வதும் அவர்தான்.

தொரை தங்கியது மிஷின் ஹாலை ஒட்டிய மாடி அறையில். நடுவே ஒரே ஒரு சுவர். அதற்கு முன் அந்த அறையில் குடியிருந்த தவில்காரர் ஒருவர், சத்தம் தாங்காமல் மூன்றாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர். தொரையோ அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பார். பார்த்தவர்கள் ஒரு மாதிரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும்தான்.

உடையும் அதற்கு ஏற்றபடி இருக்கும். கீழே எட்டு முழ வேட்டி, உள்ளே எங்கள் கம்பெனி பனியன், மேலே கரிக்குருவி வால் மாதிரிப் பின்பக்கம் இரண்டாகப் பிளந்த கறுப்புக் கோட்டு. கையில் எப்போதும் ஒரு சாண் நீளத்தில் வெள்ளைக் குச்சி. மாட்டுவண்டி வந்தால் குச்சியை ஆட்டுவார். இட்லிக் கடையில் தோசைக் கரண்டி சத்தம் போட்டால் அதற்கும் ஆட்டுவார். எருமை கத்தினால் குனிந்து வணக்கம் சொல்வார்.

ஒரு நாள் டீக்கடையில் பாயிடம் விசாரித்தேன்.

"அவருக்கு என்ன தொழிலுங்க பாய்?"

"ஆபராங்க மாஸ்டர். நம்மூர்க் கூத்தாட்டம். ஆனா பேச்சே கெடையாது, எல்லாமே பாட்டு. கதவத் தொறங்கறதும் பாட்டு, சோறு திங்கறயாங்கறதும் பாட்டு."

"இவரு என்ன வேசங்க கட்டுவாரு?"

"வேசமில்லீங்க. மேடைக்கு முன்னால ஒரு பள்ளம் இருக்குமாம். அதுல நின்னுட்டு குச்சிய ஆட்டுவாராம். அறுவது பேரு வாசிப்பாங்க, நூறு பேரு பாடுவாங்க. அத்தனையும் குச்சி சொல்றபடிதான்."

"இவரு பாடமாட்டாரா?"

"மாட்டாருங்க."

"வாசிக்க?"

"அதுமில்லீங்க."

"அப்பறம் நடுவால இந்த ஆளு எதுக்குங்க?"

பாய் தொரையிடம் கேட்டார். தொரை பாயின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். எதிரே இருப்பவர் வாயை அப்படி உற்றுப் பார்ப்பது வெள்ளைக்கார மரியாதை போலிருக்கிறது என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன். "இவரு இல்லீன்னா, எல்லாரும் அவங்கவங்கதான் பெரிய ஆளுன்னு கத்துவாங்களாம்" என்றார் பாய். சொல்லும்போது என்னை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை.

அவருடைய கதையையும் பாய்தான் சொன்னார். ஸ்காட்லாந்திலும் எங்கள் ஊர் மாதிரிப் பின்னல் ஊர் ஒன்று உண்டாம். அங்கே பனியனுக்குப் பதில் கம்பளிச் சட்டை. தொரையின் அப்பா மிஷின் ஓட்டினவர். பையன் மாதா கோயில் ஆர்கனுக்குக் காற்றடித்துக் கொடுத்துக் கொடுத்தே பாட்டுப் பித்து பிடித்து, ஊர் ஊராகப் போகும் ஆபரா கம்பெனியில் சேர்ந்துவிட்டான். ஒரு நாள் குச்சி பிடிக்கிறவருக்குக் காய்ச்சல். இவன் பிடித்தான். அப்புறம் முப்பது வருஷம் கீழே வைக்கவில்லை. தானே இரண்டு ஆபரா எழுதியும் இருக்கிறார். ஒன்றில், கடலுக்குப் போன புருஷனைக் காணாமல் ஒரு மீனவப் பெண் செத்துப்போகிறாள். சாவதற்கு முன் இருபது நிமிஷம் பாடுகிறாளாம்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி சரசு பூப் பறித்துக்கொண்டே கேட்டாள்: "அத்தன மூச்சு இருந்தா அவ ஏனுங்க சாவறா?"

அவள் அப்படிக் கேட்டதில் எனக்கு ஏகப்பட்ட திருப்தி. நம் பக்கம்தான் என்று நினைத்தேன்.

அந்த மார்கழியில் முதல் அடி விழுந்தது. பஜனை அவர் அறைக்குக் கீழே வந்தபோது, தொரை மாடிப்படியில் கோட்டோடு நின்று குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கவனிக்காமல் பாடிக்கொண்டே போனேன். பத்தடி போன பிறகு என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் முப்பது பேரும் மாடியை அண்ணாந்து பார்த்தபடி, குச்சி இறங்குவதற்குத் தகுந்த மாதிரி மெதுவாகப் பாடிக்கொண்டு நிற்கிறார்கள். ஜால்ராவை எவ்வளவு ஓங்கித் தட்டியும் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

தர்மகர்த்தா காதுக்கு விஷயம் போயிற்று. "தைப்பூசத்துக்குத் தொரை ஒரு பாட்டுச் சொல்லிக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

முதல் பயிற்சி ஞாயிற்றுக்கிழமை, மிஷின் ஓடாத நேரத்தில், ஹாலிலேயே நடந்தது. அதைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்று சொல்ல வேண்டும். மிஷின் ஓடும்போது ஹாலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் நான் ஆட்களுக்குக் கை பாஷை பழக்கி வைத்திருந்தேன். உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால், ஊசி உடைந்துவிட்டது, மிஷினை நிறுத்து. தூக்கிய அதே கையை வெட்டி இறக்கினால், மறுபடி ஓட்டு. கையை மெதுவாகத் தாழ்த்தினால், கீழே உட்கார்ந்து துணியில் ஓட்டை விழுகிறதா பார். விரலைச் சுற்றினால், நூல் தீர்ந்துவிட்டது, புது கோன் எடுத்து வா. நெஞ்சில் கை வைத்தால், டீக்குப் போகலாம்.

தொரைக்கு இது தெரியாது. பாட்டு ஆரம்பித்தது. கொஞ்சம் மெதுவாக என்று கையைத் தாழ்த்தினார். முப்பது பேரும் தரையில் உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தார்கள். பதறிப்போய் உள்ளங்கையைத் தூக்கினார். எல்லோரும் கப்பென்று வாயை மூடினார்கள். திரும்பவும் அதே அடி என்று விரலைச் சுற்றினார். ஆட்களில் ஒருவனான சுப்பணன் ஓடிப்போய் நூல் கோன் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். உருக்கமாகப் பாடுங்கள் என்று மார்பில் கை வைத்துக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து பார்த்தபோது ஹாலில் யாரும் இல்லை. டீக்கடையில் இருந்தார்கள்.

அன்றைக்கு நான் வீட்டில் நாலு இட்லி அதிகம் சாப்பிட்டேன்.

ஆனால் அந்த மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த நாலு நாளும் ஓடுகிற மிஷின்களுக்கு நடுவே நின்று, நான் காட்டுகிற ஒவ்வொரு சைகையையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிறு அதே சைகைகளை வைத்தே பாட்டு நடத்தினார். நிறுத்து என்றால் நின்றார்கள். சுற்று என்றால் திரும்பப் பாடினார்கள். ஒரு மயிரிழை பிசகவில்லை.

"மாஸ்டர், சீமையில பாடறவங்களக் கையப் பாக்க வெக்கறதுக்கே பத்து வருசம் ஆவுமாம்" என்றார் பாய். "இவங்க பொறந்ததுல இருந்து கையவே பாத்து வளந்தவங்களாட்டம் இருக்கறாங்களாம். பழக்குனது யாருன்னு கேக்கறாரு. நீங்கதான்னு சொல்லிட்டனுங்க."

தொரை என்னைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் சாமானை எடுத்துக்கொண்டு எனக்கே நன்றி சொல்கிறாரே என்று இருந்தது.

பாட்டையாவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தாரா என்றால், கோஷ்டியை மூன்றாகப் பிரித்து, ஒரே நேரத்தில் மூன்று விதமாகப் பாட வைத்தார். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் அதனதன் மெட்டை அழுத்திக் காட்டுவார். அவர்கள் பாடும்போது ஒவ்வொருவர் முதுகிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று நம் ஆட்கள் கும்பிட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் பொரிந்து தள்ளினேன். "மூணு பாட்ட ஒரே நேரத்துல பாடுனா முருகன் எதைன்னு கேப்பான்? சாமியவே கொழப்பறாங்க."

சரசு சொன்னாள்: "ஆறு மொகம், பன்னெண்டு காது இருக்குதுங்களே. மூணு பாட்டுக் கேக்கறதுக்கு அவுருக்கு என்ன கஷ்டம்?"

சொல்லிவிட்டு ஒரு தூக்குப் போசியை மூடினாள். உள்ளே இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை, தேங்காய்ப் பால். யாருக்கு என்று கேட்டேன். தொரைக்காம். எனக்குச் சந்தகை கிடைப்பது தீபாவளிக்கும், மச்சினன் வரும்போதும்தான்.

பரிவட்டமும் போயிற்று. தர்மகர்த்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். பாட்டுக்கு யாரு தலையோ அவருக்குத்தான வழக்கம்" என்றார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு நேரே சன்னதிக்குப் போனேன். முருகா, பதினோரு வருஷம் உனக்காகத் தொண்டை கிழியப் பாடினேன், நீ ஒரு குச்சிக்கு மயங்கிவிட்டாயே, இந்த மனிதரை அவர் ஊருக்கு அனுப்பிவிடு, பழனிக்குப் பால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலில் பொய் சொல்லக் கூடாது. மனசில் இருந்ததைத்தான் சொன்னேன்.

தைப்பூசக் காலை. சாமளாபுரம் கோஷ்டி, வெள்ளகோவில் கோஷ்டி எல்லாம் வந்து தெரு கொள்ளவில்லை. தேருக்கு முன்னால் முப்பது பேரும் வெள்ளை வேட்டியில் மூன்று வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு எதிரே, தேருக்கு முதுகு காட்டி, கரிக்குருவிக் கோட்டில் தொரை. நான் கூட்டத்தில் சேரப் பிடிக்காமல் தேர்ச் சக்கரத்தின் முட்டுக்கட்டைமேல் ஏறி நின்றேன். தொரையின் முதுகுக்கு நேர் பின்னால். என்னை அவர் பார்க்க முடியாது. முப்பது பேரும் பார்க்கலாம்.

பாட்டு எழுந்தது. எப்படி இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். மூன்று பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்து ஒரு வாய்க்காலில் விழுந்த மாதிரி இருந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. சுமாராக இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பேன்.

நடுவில் பாட்டு மெல்ல இறங்குகிற ஓர் இடம். தொரை தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார் என்பது பின்னாலிருந்தே தெரிந்தது. என் கை தானாக எழுந்தது என்று எழுதினால் முருகன் மன்னிக்க மாட்டார். நான்தான் தூக்கினேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ஊசி உடைந்தது, நிறுத்து.

முப்பது வாயும் ஒரே நொடியில் மூடின. பழக்கம் அப்படி.

தெரு நிசப்தமாயிற்று. ஆனால் குச்சி மட்டும் நிற்கவில்லை. அது பாட்டுக்கு மேலே போகிறது, வளைகிறது, இறங்குகிறது. சத்தமே இல்லாத காற்றில் அந்த மனிதர் இல்லாத பாட்டை நடத்திக்கொண்டிருக்கிறார். சாமளாபுரத்துக்காரர்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எதிரே பானகப் பந்தல் ஓரம் நின்ற பாய் என்னைப் பார்த்தார். தன் காதைத் தொட்டார். இல்லை என்று கையை ஆட்டினார்.

தொரைக்குக் காது கேட்காது. அவர் சுவரில் கன்னம் வைத்தது, பாயின் வாயைப் பார்த்தது, முதுகில் கை வைத்தது, எல்லாம் ஒன்றாக வந்து என் முகத்தில் அறைந்தன. கண்ணைத் திறந்தால் மூடிய முப்பது வாயைப் பார்ப்பார். ஊரே பார்க்க அவர் பார்ப்பார்.

அந்தப் பாட்டைத் திட்டிக்கொண்டே ஒரு மாதத்துக்கு மேல் கேட்டதில் எனக்கு அது முழுக்க மனப்பாடம். குச்சி எந்த அடியில் போகிறது என்று பார்த்தேன். அது அடுத்த அடிக்கு மேலே எழும்பி இறங்கும்போது என் கையையும் சேர்த்து வெட்டி இறக்கினேன். ஓட்டு. முப்பது பேரும் சரியாக அந்த இடத்தில் எடுத்தார்கள். அப்புறம் கடைசி வரை நான் கை காட்டுவதை விடவில்லை. முன்னால் குச்சி, பின்னால் என் கை. முருகனைத் தவிர எனக்கு வேறு யாரும் துணை இல்லை.

பாட்டு முடிந்ததும் வெள்ளகோவில் கோஷ்டித் தலைவர் என்னிடம் ஓடிவந்தார். "ஏனுங்க மாஸ்டர், நடுவால பாட்ட நிறுத்திக் குச்சிய மட்டும் ஆட வெச்சீங்களே, ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. அத எப்படிங்க பழக்குனீங்க?"

பூசாரி ஐயா பரிவட்டத்தோடு தொரையிடம் போனார். தொரை தலையைக் கொடுக்கவில்லை. பூசாரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, நேராக முட்டுக்கட்டைக்கு வந்து என் தலையைக் காட்டினார். நான் வேண்டாம் என்பதற்குள் கட்டிவிட்டார்கள்.

"அவருக்கு எப்படிங்க பாய் தெரிஞ்சுது?" என்றேன்.

"முப்பது வருசம் பாடறவங்க கண்ணப் பாத்தே பொழச்சவருங்க. கண்ணத் தொறந்தப்போ அறுவது கண்ணும் அவரு தோளுக்கு மேல போயிட்டிருந்துச்சாம். பொறத்தால வேற ஒரு ஆளு பாட்ட நடத்தறாருன்னு புரிஞ்சுதாம்."

"நடுவால நின்னது?"

"அத அவரு கேக்கலீங்க. நானும் சொல்லலீங்க."

பிறகு பாய் மீதியைச் சொன்னார். ஒரு காது முழுக்கப் போய்விட்டதாம், இன்னொன்று முக்கால்வாசி. சீமையில் கடைசியாக நடத்திய ஆபராவில் பாடகி ஒரு பக்கம் முன்னால் போனது தெரியாமல் இவர் பழைய பக்கத்தையே நடத்திக்கொண்டிருந்தார். சபை சிரித்தது. அன்றைக்குக் கீழே வைத்த குச்சியை மறுபடி எடுத்தது எங்கள் தெருவில்தானாம். மிஷின் சத்தத்தில் யாருக்கும் காது கேட்காத ஓர் இடத்தில் தானும் ஓர் ஆளாக இருக்கலாம் என்றுதான் இங்கே தங்கினாராம்.

வீட்டுக்குப் போனேன். சரசு பரிவட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாட்டு நின்னப்போ உங்க கை மேல இருந்துச்சு" என்றாள். இரண்டு நாள் எனக்குக் காப்பி வரவில்லை. சந்தகை மட்டும் மாடி அறைக்குத் தவறாமல் போயிற்று.

மூன்றாம் நாள் நானே அந்தத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பாயையும் கூட்டிக்கொண்டேன். நிறுத்தியது நான்தான் என்று சொன்னேன். பாய் அதை மொழிபெயர்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். தொரை கேட்டுவிட்டுச் சந்தகையில் பாதியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"என்ன சொல்றாருங்க?"

"முப்பது பேரும் ஒரே நொடியில நின்னாங்களான்னு கேக்கறாரு."

"ஆமாங்க."

பாய் சொன்னதும் தொரை தொடையைத் தட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சீமையில் அவர் எத்தனை முயன்றும் ஒரு கோஷ்டியையும் அப்படி நிறுத்த முடிந்ததில்லையாம். மன்னிப்பதிலும் என்னை முந்திக்கொண்டார். நான் அழுது, அவர் சமாதானம் சொல்லி, அப்புறம் சிரிப்போம் என்று நினைத்துப் போனவனுக்கு எவ்வளவு ஏமாற்றம்.

தலைமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் என்னிடம் சொன்னார். நான் முடியாது என்றேன். பாதி வீம்பு, பாதி உண்மை. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். முன்னால் அவர், பின்னால் நான். கன்னத்தில் போட்டுக்கொண்டு முருகனிடம் என் வேண்டுதலை வாபஸ் வாங்கினேன். வாபஸ் வாங்கியதற்கு அபராதமாகக் காவடியை எடுத்தேன். மூன்று மார்கழி, மூன்று தைப்பூசம் அப்படியே நடந்தது. எல்லோரும் அவரைத்தான் புகழ்ந்தார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. ஒவ்வொரு தடவையும் கையைச் சரியான இடத்தில்தான் இறக்கினேன்.

அப்புறம் தங்கை கூப்பிட்டாள் என்று ஊருக்குப் போனார். அடுத்த ஐப்பசியில் பாய்க்கு ஒரு கடுதாசி வந்தது. தங்கை எழுதியிருந்தாள். பாய் அதைப் படித்துச் சொல்லவில்லை, மடித்து என் கையில் கொடுத்தார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எனக்குப் புரிந்தது.

அந்த மார்கழி முதல் நாள் கோஷ்டி வழக்கம்போல மூன்று வரிசையாக நின்றது. "மாஸ்டருங்க, இனி நீங்க முன்னால வாங்க" என்று சுப்பணன் கூப்பிட்டான். நான் போகவில்லை. பழைய இடத்திலேயே, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெளி விட்டு நின்று கையைத் தூக்கினேன். முன்னால் போய்விட்டால் அவர் முதுகு எனக்கு எப்படித் தெரியும்?